சீட்டாட்டத்தில் கைமாறிய மனிதர்

(ஒரு பழைய ஆங்கில நகைச்சுவைப் படம் – மறுபார்வை)

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

‘கௌபாய் படம்’ என்றதும் நம் கண்முன் வருவன எவை? குதிரை, அகன்ற விளிம்புத் தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, புழுதி பறக்கும் தெரு, இறுதியில் நேருக்கு நேர் நின்று சுடும் இருவர். 1903ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி கிரேட் டிரெயின் ராபரி’ என்னும் சிறு படம் தொடங்கி, இவ்வகைப் படங்கள் உலகெங்கும் ஓடியிருக்கின்றன. நம் தமிழிலும் 1972இல் ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’ போன்றவை வந்துள்ளன. இவ்வகையைக் கேலி செய்து சிரிக்க வைத்த படங்களும் ஹாலிவுட்டில் உண்டு. லாரல்–ஹார்டி இணையின் ‘வே அவுட் வெஸ்ட்’ (1937), துப்பாக்கி ஏந்தாத காவல் அதிகாரியைக் காட்டிய ‘டெஸ்ட்ரி ரைட்ஸ் அகெய்ன்’ (1939), ‘கேட் பலூ’ (1965) ஆகியவை அவற்றுள் சில.

இவற்றுக்கெல்லாம் முன்பு, 1935இல் வந்தது ‘ரகிள்ஸ் ஆஃப் ரெட் கேப்’. இதில் துப்பாக்கிச் சண்டை இல்லை. குதிரைத் துரத்தல் இல்லை. கதாநாயகனின் கையில் இருப்பது தேநீர்த் தட்டு. ஆயினும் ஒரு மனிதன் எழுந்து நிற்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை, ஆறு குண்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் வீரர்களைவிட இந்தத் தட்டேந்திய மனிதரே நன்கு காட்டுகிறார் என்பது என் எண்ணம்.

சென்ற பருவத்தில், ஆங்கிலப் பாடத்திற்குத் துணையாக, எங்கள் ஆங்கில ஆசிரியையான அருட்சகோதரி இப்படத்தை ஒலி–ஒளி அறையில் திரையிட்டுக் காட்டினார்கள். முதல் முறை பார்த்தபோது சிரித்தேன். சிறப்பு அனுமதி பெற்று இரண்டாம் முறை பார்த்தபோது சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அது ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

படம் பிறந்த வரலாறு

ஹாரி லியோன் வில்சன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1915இல் இதை நாவலாக வெளியிட்டார். ரகிள்ஸ் என்னும் பணியாளரே தம் கதையைத் தாமே சொல்வதுபோல் அமைந்தது அந்நூல். பேசாப் படக் காலத்திலேயே 1918இலும் 1923இலும் இது இருமுறை படமானது. 1935இல் பாரமவுண்ட் நிறுவனம் எடுத்த பேசும் படமே நிலைத்து நின்றது. பின்னர் 1950இல் பாப் ஹோப் நடிக்க ‘ஃபேன்ஸி பேண்ட்ஸ்’ என்ற பெயரில் மீண்டும் எடுத்தார்கள்.

இயக்குநர் லியோ மெக்கேரி, லாரல்–ஹார்டி படங்களில் நகைச்சுவை பயின்றவர். ‘கோயிங் மை வே’ (1944), ‘தி பெல்ஸ் ஆஃப் செயின்ட் மேரிஸ்’ (1945) ஆகிய படங்களை எடுத்தவரும் இவரே. பின்னதில் இங்கிரிட் பெர்க்மன் பள்ளி நடத்தும் கன்னியராக வந்து, அடி வாங்கிய சிறுவனுக்குக் குத்துச்சண்டை கற்றுத் தருவார். நம் அருட்சகோதரிகளுள் பலர் அக்காட்சியை மறந்திருக்க மாட்டார்கள்!

ரகிள்ஸாக நடித்தவர் சார்லஸ் லாட்டன். 1899இல் இங்கிலாந்தில் ஸ்கார்பரோ என்னும் கடற்கரை ஊரில் ஓட்டல் நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். இயேசு சபையாரின் ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரியில் படித்தவர். நடிக்க வருமுன் லண்டனின் கிளாரிட்ஜஸ் ஓட்டலில் தொழில் பழகியவர். கதவருகில் எப்படி நிற்பது, யாரும் கவனிக்காதபடி எப்படி உள்ளே வந்து வெளியே போவது என்பதையெல்லாம் அவர் புத்தகத்தில் படித்து நடிக்கவில்லை, கண்ணால் கண்டவர். இன்னொரு வேடிக்கை: படத்தில் சார்லி ரகிள்ஸ் என்ற பெயருடைய நடிகரும் இருக்கிறார். ஆனால் அவர் நடித்தது ரகிள்ஸாக அல்ல, ரகிள்ஸின் முதலாளியாக!

அவ்வாண்டின் சிறந்த படத்திற்கான ஆஸ்கார் போட்டியில் இப்படமும் இடம்பெற்றது. வென்றது ‘மியூட்டினி ஆன் தி பௌண்டி’. அதில் கொடிய கப்பல் தலைவராக நடித்தவரும் இதே லாட்டன்தான். ஒரே ஆண்டில் அடிபணியும் பணியாளராகவும் அடித்து ஆளும் தலைவராகவும் நடித்த முகம் ஒன்றே என்பது வியப்பல்லவா? 2014இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ‘ரகிள்ஸ்’ சேர்க்கப்பட்டது.

கதைச் சுருக்கம்

1908ஆம் ஆண்டு. பாரிஸ் நகரம். பர்ன்ஸ்டெட் பிரபு என்னும் ஆங்கிலேயர் முந்தைய இரவு அமெரிக்கர் ஒருவருடன் போக்கர் சீட்டாடினார், தோற்றார். தோற்றது பணத்தை அன்று, தம் பணியாளரை! பிரபுவின் உடை, உணவு, நேரம் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் ரகிள்ஸிடம் மறுநாள் காலை இதைத் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். ரகிள்ஸ் கோபப்படவில்லை. அவருடைய கண்கள் மட்டும் சற்றே விரிகின்றன.

வென்றவர் எக்பர்ட் பிளவுட். வாஷிங்டன் மாநிலத்தில் ரெட் கேப் என்னும் சிற்றூர்க்காரர். பணம் உண்டு, பகட்டு இல்லை. கட்டம் போட்ட சட்டையும் உரத்த சிரிப்புமாகத் திரிபவர். அவர் மனைவி எஃபிக்கோ உயர்குடிப் பழக்கவழக்கங்கள்மீது தீராத மோகம். கணவரை ‘நாகரிகமாக்க’ ஆங்கிலப் பணியாளர் கிடைத்தார் என்று மகிழ்கிறார். ஆனால் எக்பர்ட்டோ ரகிள்ஸைத் தம்முடன் மேசையில் உட்காரச் சொல்கிறார்! பணியாளர் எசமானருடன் சமமாக அமர்வது தம் குலத்திற்கே அடுக்காது என்று ரகிள்ஸ் தவிக்கிறார். இந்தத் தவிப்பே படத்தின் முதற்பாதி நகைச்சுவை.

ரெட் கேப் வந்து சேர்ந்ததும் எக்பர்ட் விளையாட்டாக இவரைக் ‘கர்னல்’ என்று அழைக்க, ஊரார் இவரை மெய்யாகவே படைத்தலைவர் என்று நம்பிவிடுகிறார்கள். விருந்தினராக மதிக்கிறார்கள். வாழ்நாளில் முதன்முறையாக மனிதர்கள் அவரிடம், “உங்கள் கருத்து என்ன?” என்று கேட்கிறார்கள். சமையலில் கைதேர்ந்த அவரிடம், திருமதி ஜட்சன் என்ற பெண்மணியும் நட்பாகிறார். எஃபியின் உறவினரான பெல்நாப் ஜாக்சன் என்னும் செருக்குடைய மனிதருக்கு இது பொறுக்கவில்லை. பிளவுட் குடும்பத்தார் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து ரகிள்ஸை வேலையிலிருந்து நீக்கிவிடுகிறார்.

பெட்டியுடன் வெளியேறிய ரகிள்ஸ் ஊரைவிட்டுப் போகவில்லை. சொந்தக் காலில் நிற்பது என்று முடிவு செய்கிறார். ‘ஆங்கிலோ அமெரிக்கன் கிரில்’ என்ற உணவகத்தைத் தொடங்குகிறார். இதற்கிடையில் பழைய பிரபு இவரைத் திரும்ப அழைத்துச் செல்ல வருகிறார். வந்தவர், நெல் கென்னர் என்னும் உள்ளூர்ப் பெண்ணிடம் மேளம் அடிக்கக் கற்றுக்கொண்டு, அவளிடமே மனத்தைப் பறிகொடுப்பது தனி வேடிக்கை.

உணவகத் திறப்பு நாளன்று பெல்நாப் ஜாக்சன் வந்து இழிவாகப் பேச, ரகிள்ஸ் அவரை வெளியே தள்ளிவிடுகிறார். ‘இத்துடன் என் தொழில் முடிந்தது’ என்று கலங்கி நிற்கையில், கூடத்திலிருந்து வாழ்த்துப் பாட்டு எழுகிறது. அது தமக்கான பாட்டு என்பதே அவருக்கு விளங்கவில்லை! எக்பர்ட் சொல்லித்தான் விளங்குகிறது. படம் முடிகிறது.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

இப்படத்தில் யாரும் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழவில்லை. பின் ஏன் சிரிக்கிறோம்? இருமுறை பார்த்ததில் நான் கண்ட காரணங்கள் மூன்று.

முதலாவது, அசையாத முகம். எக்பர்ட் எவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தாலும் ரகிள்ஸின் முகம் கல்போல் இருக்கிறது. கண்மணி மட்டும் உருள்கிறது. குளத்தில் கல் எறிந்தும் அலை எழாவிட்டால் எப்படி இருக்கும்? அந்த வியப்பே சிரிப்பாகிறது.

இரண்டாவது, தலைகீழ் நிலை. எசமானர் ‘உட்கார்’ என்று கெஞ்சுகிறார். பணியாளர் ‘மாட்டேன்’ என்று மறுக்கிறார். ஏற்றத்தாழ்வை விரும்பிக் கட்டிக் காப்பவர், அதனால் தாழ்ந்து கிடப்பவரே!

மூன்றாவது, தாமதம். மெக்கேரி எதற்கும் அவசரப்படுவதில்லை. ஒரு சொல் சொல்லப்பட்டபின் அது கேட்டவர் மனத்தில் இறங்கும் வரை காமிரா காத்திருக்கிறது. அந்தச் சில நொடிகளில் நமக்கும் அது இறங்கிவிடுகிறது.

இந்த இரண்டாவது காரணத்தை எண்ணிப் பார்த்தபோதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. சூதில் தருமர் பாஞ்சாலியைப் பணயமாக வைத்து இழந்த கதையை நாம் எல்லோரும் அறிவோம். பாரதியார் அதைப் ‘பாஞ்சாலி சபத’மாகப் பாடியிருக்கிறார். பாஞ்சாலி சபையில் நின்று, ‘தம்மையே முதலில் தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை?’ என்று கேள்வி கேட்டாள். அவள் கேட்ட கேள்விக்குப் பெரியவர்களால் விடை சொல்ல முடியவில்லை. ஆனால் ரகிள்ஸ் கேள்வியே கேட்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறார். கேள்வி கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்து வர ஒருவன் தேவைப்பட்டான். ரகிள்ஸை இழுத்துச் செல்ல யாரும் தேவைப்படவில்லை. இதில் எது பெரிய துயரம்?

மதுக்கடையில் ஒரு சொற்பொழிவு

படத்தின் உயிர்க்காட்சி நடக்குமிடம் ரெட் கேப் ஊரின் மதுக்கடை. (நம் மலரில் எழுதத் தகுந்த இடம் அன்று, எனினும் கதை அங்கேதான் நடக்கிறது.) வேலை இழந்த ரகிள்ஸ், தாம் இனி யாருக்கும் பணியாளர் அல்லர் என்கிறார். மகிழ்ந்த எக்பர்ட், ஆபிரகாம் லிங்கன் கெட்டிஸ்பர்க்கில் சொன்னதை மேற்கோள் காட்ட முனைகிறார். ஆனால் லிங்கன் சொன்னது என்ன? அவருக்கு நினைவில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறார். அவருக்கும் தெரியாது. அவர் அடுத்தவரைக் கேட்கிறார். கடை முழுவதும் கேள்வி சுற்றி வருகிறது. பெரிய தொப்பிகளும் பெரிய மீசைகளும் இருக்கின்றன. விடை மட்டும் இல்லை. அந்நாட்டுக் குடிமக்களுள் ஒருவருக்கும் தம் நாட்டின் புகழ்பெற்ற உரை தெரியவில்லை!

அப்போது ஒரு மூலையில் மெல்லிய குரல் எழுகிறது. ஆங்கிலப் பணியாளர் தமக்குள் முணுமுணுக்கத் தொடங்குகிறார். பிறகு சற்று உரக்க. பிறகு எல்லோரும் கேட்க. காமிரா பேசுபவர் முகத்திலேயே நிற்காமல் கேட்பவர் முகங்களுக்குச் செல்கிறது. சீட்டாடியவர், குடித்தவர், சும்மா நின்றவர் என ஒவ்வொருவராக அருகில் வருகிறார்கள். சற்று முன் நாம் பார்த்துச் சிரித்த முகங்கள் இப்போது கோயிலில் நிற்பவர் முகங்களாக இருக்கின்றன. ரகிள்ஸ் கையை வீசவில்லை. குரலை உயர்த்தி முழங்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும், அது தமக்கே இன்றுதான் கிடைத்ததுபோல் சொல்கிறார்.

அந்த உரையைப் பற்றிச் சில செய்திகள்

1863 ஜூலை 1 முதல் 3 வரை பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க் ஊரில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் மிகக் கொடிய சண்டை நடந்தது. இரு பக்கத்திலும் இறந்தவர், காயமுற்றவர், பிடிபட்டவர், காணாமற்போனவர் எல்லாரும் சேர்ந்து ஏறத்தாழ 50,000 பேர். மாண்ட வீரர்களுக்கான கல்லறைத் தோட்டம் அவ்வாண்டு நவம்பர் 19ஆம் நாள் அர்ப்பணிக்கப்பட்டது.

அன்றைய சிறப்புச் சொற்பொழிவாளர் லிங்கன் அல்லர். எட்வர்ட் எவரெட் என்னும் நாவலர். அவர் இரண்டு மணி நேரம் பேசினார். பின்னர் எழுந்த லிங்கன் ஏறத்தாழ 270 சொற்களே பேசினார். இரண்டு மூன்று நிமிடம். பத்தே வாக்கியங்கள். மறுநாள் எவரெட்டே லிங்கனுக்குக் கடிதம் எழுதி, தாம் இரண்டு மணி நேரத்தில் நெருங்க முடியாத கருத்தை அவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டதாகப் பாராட்டினார். (பேச்சுப் போட்டியில் மணி அடித்தும் நிறுத்தாத தோழியர் கவனிக்க!)

உரையின் பொருள் இதுதான்: மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற கொள்கைமீது ஒரு நாடு எழுந்தது. அப்படிப்பட்ட நாடு நீடித்து நிற்குமா என்பதற்கான சோதனையே இந்தப் போர். இம்மண்ணைப் புனிதமாக்கியவர்கள் இங்கே போரிட்டவர்களே; நம் சொற்கள் அல்ல. அவர்கள் முடிக்காமல் விட்ட பணியை முடிப்பதே உயிரோடிருக்கும் நம் கடன். நம் குடிமையியல் பாடத்தில் மக்களாட்சிக்குத் தரப்படும் இலக்கணம் அவ்வுரையின் இறுதிப் பகுதியிலிருந்து வந்ததேயாகும்.

இந்தச் சொற்களை யார் சொல்கிறார் என்பதே படத்தின் நுட்பம். சமத்துவம் தம் பிறப்புரிமை என்று வளர்ந்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள். அது மறுக்கப்பட்டவர் ஒரு சொல் விடாமல் நினைவில் வைத்திருக்கிறார். தாகம் எடுத்தவனுக்குத்தானே தண்ணீரின் அருமை தெரியும்!

‘நீ’யும் ‘நீங்க’ளும்

வகுப்பில் இப்படத்தைப் பற்றி உரையாடியபோது ஒரு கேள்வி எழுந்தது. இப்படத்தைத் தமிழில் பேச வைத்தால் எப்படி இருக்கும்? ஆங்கிலத்தில் ‘யூ’ என்ற ஒரே சொல்லால் பிரபுவும் பணியாளரை அழைக்கலாம். பணியாளரும் பிரபுவை அழைக்கலாம். தமிழில் அது முடியாது. பிரபு ‘நீ’ என்பார். ரகிள்ஸ் ‘தாங்கள்’ என்பார். எக்பர்ட்டோ முதல் நாளே, ‘வாங்க தம்பி, உட்காருங்க’ என்றிருப்பார். ஊரார் ‘கர்னல் ஐயா’ என்றிருப்பார்கள். பெல்நாப் ஜாக்சன் ‘டேய்’ என்றே கூப்பிட்டிருப்பார்.

உணவகத்தின் முதலாளியாக நிற்கும் ரகிள்ஸிடம் பழைய பிரபு என்ன சொல்வார்? ‘நீ’ என்று தொடங்கி, நடுவில் நாக்கைக் கடித்துக்கொண்டு, ‘நீங்கள்’ என்று முடிப்பார் என்றாள் என் தோழி. வகுப்பே சிரித்தது. ஆனால் அது உண்மை. ஆங்கிலப் படம் ஒன்றரை மணி நேரத்தில் காட்டும் மாற்றத்தை நம் மொழி ஒரே எழுத்துச் சேர்க்கையில் காட்டிவிடுகிறது. நாள்தோறும் நாம் யாரை ‘நீ’ என்கிறோம், யாரை ‘நீங்கள்’ என்கிறோம், அதை வயதைப் பார்த்துச் சொல்கிறோமா, வேலையைப் பார்த்துச் சொல்கிறோமா என்று எண்ணிப் பார்க்கலாம்.

படம் பேசாதவை

நல்ல படம் என்பதற்காகக் குறையே இல்லை என்று சொல்லலாகாது. பிளவுட் வீட்டில் ரகிள்ஸ் மட்டும் பணியாளர் அல்லர். அங்கே சீனப் பணியாளர் ஒருவரும் கறுப்பினப் பணிப்பெண் ஒருவரும் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் படத்தில் யாரும் சொற்பொழிவு ஆற்றவில்லை. அவர்கள் உணவகம் தொடங்கவும் இல்லை. லிங்கனின் போர் யாருடைய அடிமைத்தளையை அறுத்ததோ அவருடைய இனத்துப் பெண், படத்தில் சில நொடிகளே வந்து போகிறார்.

வரலாற்றையும் நோக்குவோம். 1882இல் இயற்றப்பட்ட சட்டம் சீனத் தொழிலாளர் அமெரிக்காவிற்குள் வருவதைத் தடுத்தது; 1943இல்தான் அது நீக்கப்பட்டது. அம்மண்ணின் பழங்குடியினர் அனைவருக்கும் 1924இல்தான் குடியுரிமை கிடைத்தது. வாஷிங்டன் மாநிலத்தில் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1910இல். நாடு முழுவதும் 1920இல். ஆகவே 1908இல் ரெட் கேப்பில் வாழ்ந்த திருமதி ஜட்சனுக்கும் வாக்கு இல்லை. லிங்கன் சொன்ன ‘முடிக்காத பணி’ அப்போதும் முடிந்திருக்கவில்லை. பார்ப்பவர் இதை மனத்தில் கொண்டே பார்க்க வேண்டும்.

என் வீட்டுக் கதை

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன்.

சென்ற ஆண்டு ஆங்கில ஒப்பித்தல் போட்டியில் நான் ஒப்பித்தது இந்தக் கெட்டிஸ்பர்க் உரையைத்தான். ஒரு சொல் தவறவில்லை. இரண்டாம் பரிசு பெற்றேன். என் தந்தை ஓர் உணவகத்தில் சப்ளையர். இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து வந்தவர், பரிசுக் கிண்ணத்தைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, “எங்கே, ஒரு தடவை சொல்லிக் காட்டும்மா” என்றார். சொன்னேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் முடியும் வரை நின்றுகொண்டே கேட்டார். பின்பு, “அதிலே என்னம்மா சொல்லியிருக்கார்?” என்றார். “அது ஒரு பெரிய தலைவர் பேசியது அப்பா” என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. 270 சொற்களும் தெரிந்திருந்தன; ஒரு கருத்தும் தெரியவில்லை. மதுக்கடையில் இருந்தவர்களுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பில் சேர்ந்த புதிதில், ‘உன் அப்பாவுக்கு என்ன வேலை?’ என்று தோழியர் கேட்டபோது, ‘ஓட்டல் வைத்திருக்கிறார்’ என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யை நான்கு ஆண்டுகள் காப்பாற்றினேன். அவர்களுள் ஒருத்தியின் குடும்பத்தார் அந்த உணவகத்திற்குச் சாப்பிடப் போகக்கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பயந்திருக்கிறேன்.

படத்தில் திறப்பு விழா நாளன்று ரகிள்ஸ் செய்வது என்ன? வந்தவர்களை வரவேற்கிறார், உணவு சரியாக வந்ததா என்று பார்க்கிறார், பரிமாறுவதை மேற்பார்க்கிறார். பாரிஸில் பிரபுவின் வீட்டில் செய்ததும் ஏறத்தாழ இதே வேலைதான். வேலை மாறவில்லை, முதுகு நிமிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பணி செய்வது இழிவு அன்று. பணி செய்பவரை இழிவாக எண்ணுவதே இழிவு. அப்படி எண்ணியவர்களுள் என் தந்தையைப் பொறுத்தவரை முதல் ஆள், அவர் மகளாகிய நானே. இதைக் கண்டபோதுதான் இரண்டாம் முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவு அப்பாவிடம் கதை முழுவதையும் தமிழில் சொன்னேன். லிங்கனின் உரைக்கும் இம்முறை பொருள் சொன்னேன். பெல்நாப் ஜாக்சனை வெளியே தள்ளிய இடத்தில் அப்பா தலையை ஆட்டி, “சாப்பிட வந்தவரைத் தள்ளக் கூடாதும்மா” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஆனா, தள்ளணும்னு எத்தனையோ நாள் தோணியிருக்கு” என்று சிரித்தார். அவருக்கு அப்படித் தோன்றியிருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பின்பு அவர் கேட்ட கேள்வி: “அதெல்லாம் சரி, அவரு ஓட்டல் கடைசியிலே நல்லா ஓடுச்சா?”

படம் அதைச் சொல்லவில்லை. “நன்றாக ஓடியிருக்கும் அப்பா” என்றேன்.

இக்கட்டுரையை அவருக்குப் படித்துக் காட்டி, அவர் ஒப்புதல் பெற்ற பின்னரே மலர்க் குழுவிடம் கொடுத்தேன். பொதுத் தேர்வு விண்ணப்பத்திற்காக வகுப்பில் விவரம் கேட்டபோது, ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘உணவகப் பணியாளர்’ என்று நானே எழுதினேன். பக்கத்தில் இருந்தவள் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் எப்போதும்போல் என்னோடுதான் சாப்பிட்டாள்.

முடிவுரை

‘ரகிள்ஸ் ஆஃப் ரெட் கேப்’ கறுப்பு வெள்ளைப் படம். ஒன்றரை மணி நேரம் ஓடும். வாய்ப்புக் கிடைத்தால் பெற்றோருடன் அமர்ந்து பாருங்கள், தோழியரே. பார்க்கும்போது மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, ரகிள்ஸ் எப்போதெல்லாம் நிற்கிறார், எப்போது முதன்முறை உட்காருகிறார் என்பது. இரண்டு, அவர் உரை சொல்லும்போது கேட்பவர்களின் முகங்கள். மூன்று, அந்த வீட்டில் பேச்சே இல்லாமல் வந்து போகும் பணியாளர்கள்.

மனப்பாடம் செய்வதில் தவறில்லை. ரகிள்ஸும் மனப்பாடம் செய்தவரே. ஆனால் அவர் மனப்பாடம் செய்ததை ஒருநாள் வாழ்ந்து காட்டினார். பிறப்பால் மனிதருக்குள் ஏற்றத்தாழ்வு இல்லை என்பதை வள்ளுவரிடம் படித்திருக்கிறோம், லிங்கனிடமும் படிக்கிறோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுவோம். அடுத்த முறை உணவகத்தில் ஒருவர் நம்முன் தண்ணீர்க் குவளையை வைக்கும்போது, அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்து, ‘நன்றிங்க’ என்று சொல்வோமா? அந்தப் பாடத்திற்கான தேர்வு அங்கேதான் நடக்கிறது.